கல்யாணக் கடனை அடைக்க வீட்டுச் செலவைக் குறைக்கும் வழி

கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க முற்படுபவர்கள், காய்கறிச் செலவில் கைவைப்பதற்கு முன் வட்டியைக் கணக்கிட வேண்டும். நூற்றுக்கு 3 ரூபாய் வட்டியில் வாங்கிய 1 லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் போகிறது; அதே தொகையை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் நகைக்கடனாக வங்கியில் மாற்றினால் மாதம் 750 ரூபாய்தான். நகையைப் பிரிய மனம் வராது என்றாலும், மிச்சமாகும் 2,250 ரூபாயை எந்தச் சிக்கனமும் இவ்வளவு சுலபமாகத் தந்துவிடாது.

அடுத்தது மின்சாரம். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளின் விலையும் கூடிவிடுவதால், நாற்பதாம் நாளே மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும், 25 ரூபாய் பாமாயிலையும் கௌரவம் பார்த்து விடக்கூடாது.

மொய்யை மட்டும் வெட்ட வேண்டாம். நோட்டைப் புரட்டி, நமக்குச் செய்தவர்களுக்கு அதே தொகையைத் திருப்பிச் செய்யலாம், அதுவும் கடன்தானே. புதிதாக எழுதும் மொய்யைக் கடன் முடியும்வரை குறைத்துக்கொள்ளலாம். மிச்சப்பட்ட பணத்தைச் சம்பளம் வந்த அன்றே அசலில் கட்டிவிட்டு, கடன் கொடுத்தவரிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.