டெத் வேலியில் கேமராவுக்கு மணல், கூடாரத்துக்குக் காற்று

கலிஃபோர்னியாவின் பாலைவனத் தேசியப் பூங்காக்களான டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ பக்கம் காரில் கிளம்புகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டெத் வேலி 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். கோடையில் அங்கே கூடாரம் அடிப்பது வீண் வம்பு.

டெத் வேலியின் மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகளுக்கு விடியுமுன்பே நடக்கத் தொடங்கிவிடுங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் மணலின் வரிகளில் நிழல் விழும். ஏறிவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். சாலையோர மேடுகள் முழுக்கக் காலடித் தடம்தான், அதனால் உள்ளே தள்ளிப் போக வேண்டும். லென்ஸை வண்டியிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள், மணலில் நின்று மாற்றவே வேண்டாம். ஒன்றுதான் என்றால் ஜூம் லென்ஸ் போதும். லென்ஸில் தூசி படிந்தால் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், இல்லையென்றால் கீறல் நிச்சயம். முக்காலியின் கால்களைக் கழுவித் துடைத்த பிறகே மடக்குங்கள்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தேசியப் பூங்காக்களில் அதற்குத் தடை.

சாயங்காலக் காற்று பொல்லாதது. முளை இறங்காத கெட்டித் தரை என்றால், நிரம்பிய தண்ணீர்க் கேன்களில் கூடாரக் கயிற்றைக் கட்டலாம். ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டராவது எப்படியும் கொண்டுபோகத்தானே வேண்டும்! இரவுக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள்.