பின்னட்டையை நம்பிப் படப்புத்தகம் வாங்காதீர்கள்

திருகோணமலை டவுனில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், "நாலு வயதுப் பிள்ளைக்கு நல்ல புத்தகம் ஒன்று வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது நீதிக்கதைத் தொகுப்பு, இல்லாவிட்டால் பொது அறிவுப் புத்தகம். ஒன்றின் பின்னட்டையில் நேர்மை, பணிவு, பகிர்தல் என்று எழுதியிருக்கும். மற்றதில் உங்கள் பிள்ளையை விஞ்ஞானி ஆக்கும் என்று எழுதியிருக்கும். அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறோம். தவறு தொடங்குவதும் அங்கேதான். பின்னட்டை பெற்றோருக்காக எழுதப்படுவது. பிள்ளைக்குக் கிடைக்கப்போவது உள்ளே இருக்கும் படமும் கதையும். கடையில் நின்றபடியே அதைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். எதைப் பார்ப்பது என்றுதான் இங்கே சொல்ல வருகிறேன்.

பயமுறுத்தும் கதை நேர்மையை வளர்க்காது

பொய் சொன்னவன் கடைசியில் அழிந்துபோவான், பேராசைக்காரன் கிணற்றில் விழுவான். இப்படி முடிந்தால்தான் பாடம் மனதில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவில் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். திரும்பி வந்து ஒரு கதை வாசித்தார்கள். அப்புறம் "பார்த்தாயா?" என்று கேட்டார்கள்.

ஓநாய் வருகிறது என்று பொய் சொல்லிக் கெட்டுப்போன சிறுவனின் கதையை, அதாவது எங்கள் "புலி வருது" கதையை, கேட்ட பிள்ளைகள் கூடுதலாக உண்மை சொல்லவில்லை. மரத்தை வெட்டிவிட்டு அதைத் தகப்பனிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தச் சிறுவன் பொய் சொல்லிக் கெடுவதாக முடிவை மாற்றியதும் அந்தப் பலன் போய்விட்டது.

ஆகவே கடையில் கடைசி இரண்டு பக்கங்களை முதலில் பாருங்கள். நல்லது செய்த பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது? உண்மை சொன்ன பிறகு மனம் லேசாகிறதா, கோபித்த நண்பன் திரும்பி வருகிறானா? அப்படி இருந்தால் வாங்கலாம். தவறு செய்தவன் பட்ட பாடு மட்டுமே இருந்து, அதற்குக் கீழே "நீதி" என்று பெட்டி கட்டியிருந்தால் அதை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். கதை சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, பகிர்ந்து உண்ணும் முயல், மன்னிப்புக் கேட்கும் கரடி. 2017இல் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்தல் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்தார்கள். ஒன்றில் மனிதர்கள், மற்றதில் உடுப்புப் போட்ட விலங்குகள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாக மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதைக்கு அந்தப் பலன் இல்லை. முயலின் கதை முயலுக்கு என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது போலும்.

இதற்காக நரியையும் காகத்தையும் வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை. அம்மம்மா மடியில் இருந்து கேட்கும் அந்தக் கதைகளின் சுவைக்கு ஈடு கிடையாது. சுவைக்காக வாசியுங்கள். பிள்ளை பகிரப் பழக வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், தன்னைப் போன்ற ஒரு பிள்ளை, தன் வீட்டைப் போன்ற ஒரு குசினி, தன் தெருவைப் போன்ற ஒரு தெரு இருக்கும் புத்தகத்தைத் தேடுங்கள். அந்தத் தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருந்தால் இன்னும் நல்லது, எங்கள் ஊர் அப்படித்தானே இருக்கிறது.

காகமும் பானையும்

வாழ்க்கைப் பாடமும் விஞ்ஞானமும் ஒரே புத்தகத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அது நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். எல்லா வீட்டிலும் தெரிந்த தாகம் கொண்ட காகத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முயற்சி செய் என்பது பாடம். கல் உள்ளே போனால் அது இடம் பிடிக்கும், தண்ணீர் மேலே வரும் என்பது விஞ்ஞானம். காகம் இதைச் செய்யுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தில் காக இனத்தைச் சேர்ந்த றூக் பறவைகளுக்கு, ஒடுங்கிய குழாயில் தண்ணீரும் அதன்மேல் மிதக்கும் புழுவும் வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் கற்கள் இருந்தன. பறவைகள் கற்களைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. பெரிய கல் கூடுதலாக உதவும் என்பதையும் கண்டுகொண்டன.

இப்போது கடையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். பல புத்தகங்களில் பானையின் அடியில் ஒரு கை நீர்தான் வரைந்திருப்பார்கள். அந்தக் காகத்துக்கு எவ்வளவு கல் போட்டாலும் தண்ணீர் கிடைக்காது. கற்களுக்கு இடையில் வெற்றிடம் இருக்கிறது. ஒரே அளவான உருண்டைக் கற்களை அப்படியே கொட்டினால் மொத்த இடத்தில் சுமார் 40 சதவீதம் வெற்றிடமாகவே இருக்கும். தண்ணீர் அதைவிடக் குறைவு என்றால், முழுவதும் அந்த இடுக்குகளுக்குள் போய்விடும். கற்கள் வாய்வரை வந்து நிற்கும், நீர் கீழேயே கிடக்கும்.

ஒரு கண்ணாடிப் போத்தலும் வழவழப்பான சின்னக் கற்களும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். முதலில் கால் போத்தல் தண்ணீர், அப்புறம் பாதிக்குச் சற்று மேல். வித்தியாசத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். புத்தகத்தில் இருக்கும் காகம் ஏன் தோற்றுப்போகும் என்று கேட்கத் தொடங்கும். படத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பிள்ளைக்கு இடம் கொடுக்கிற புத்தகத்தைத்தான் நான் விஞ்ஞானப் புத்தகம் என்பேன். சூரியக் குடும்பத்தின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்விக்கிற புத்தகம் அந்த வகையில் சேராது.

எழுத்தை வாசிக்கும் முன் படத்தைச் சரிபாருங்கள்

வாசிக்கத் தெரியாத பிள்ளை படத்தைத்தான் வாசிக்கிறது. ஓவியர் விடும் பிழை எழுத்துப் பிழையைவிட ஆழமாகப் பதிந்துவிடும். எறும்பின் காலை எண்ணுங்கள். ஆறு கால், மூன்று சோடியும் நடுப்பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும். சிலந்திக்கு எட்டு, அதைப் பூச்சிகள் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தால் கவனம். தவளைக் குஞ்சுக்கு முதலில் முளைப்பது பின்னங்கால். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிக்கட்டியில் நின்றால் அது பொய், ஒன்று வடதுருவப் பக்கம், மற்றது தெற்குப் பக்கம். பெண் புள்ளிமானுக்குக் கொம்பு போட்டிருந்தால், திருகோணமலைக் கோட்டைக்குள் மான் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளை அந்த இடத்திலேயே பிடித்துவிடும்.

திமிங்கிலத்தின் தலையில் நீரூற்று பாய்வதாக வரைவது உலகம் முழுவதும் இருக்கும் பழக்கம். உண்மையில் அது மூச்சு. திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி. மேலே வந்து வேகமாக மூச்சை விடும்போது அதிலுள்ள ஈரம் சிறு துளிகளாகிப் புகை மாதிரித் தெரிகிறது. நீலத் திமிங்கிலம் எங்கள் கடலுக்கு வருகிறது, படகில் போய்ப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளையின் கையில் நீரூற்றுத் திமிங்கிலத்தைக் கொடுப்பது எனக்கு ஆகவே ஆகாது.

திறந்தால் எழும்பும் படம், இழுத்தால் அசையும் வால், அமத்தினால் பாடும் பொத்தான் எல்லாம் விலையைக் கூட்டும். பிள்ளையின் கவனம் அசையும் பகுதிக்கே போய்விடுவதால் படிப்பது குறைகிறது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விளையாட வாங்கலாம், படிக்க என்றால் சாதாரணப் படமே நல்லது.

பனி விழும் புத்தகங்கள் மட்டும்

இலை சிவந்து உதிர்வதும் பனிமனிதன் செய்வதும் அழகான கதைகள்தான். அலுமாரி முழுக்க அவையே இருப்பதுதான் பிரச்சினை. வருடத்தில் நான்கு பருவம் என்று படித்த பிள்ளை யன்னலால் எட்டிப் பார்த்தால், ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டும் மாரி மழையும் மிச்ச மாதங்களின் வெயிலும்தான் தெரிகிறது. புத்தகத்தில் இருப்பது விஞ்ஞானம், வெளியே இருப்பது விஞ்ஞானம் இல்லை என்று அது நினைத்துவிடக் கூடாது. கண்டல் காடு, இறால், பனை, வடகீழ் மழை வரும் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் இல்லாவிட்டாலும் கேளுங்கள், கேட்டால்தான் அடுத்த முறை எடுத்து வருவார். நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே இருக்கும் முருகைக்கற்கள் உயிருள்ள சிறு விலங்குகள் சேர்ந்து கட்டியவை. அவற்றைச் செடியாகவோ வெறும் கல்லாகவோ காட்டும் புத்தகம் வேண்டாம்.

உள்ளூர்ப் புத்தகம் என்பதற்காகவும் கண்ணை மூடி வாங்க வேண்டாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு இராவணன் கதை இருக்கிறது. அந்தக் கதை எங்கள் சொத்து, பிள்ளைக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் சூடாகித் திரும்ப மேலே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எது கதை, எது விளக்கம் என்று பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் குழைத்து ஒன்றாக்கிய புத்தகம் இரண்டையும் கெடுக்கிறது.

கடலைப் பற்றிய பயம்

மரணம், இழப்பு, அனர்த்தம் வரும் புத்தகங்களைப் பலர் தொடவே மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 இந்தக் கரைக்கு என்ன செய்தது என்று தெரிந்த ஊர் இது. பிள்ளைகள் பெரியவர்கள் பேசும்போது அதைக் கேட்டபடியேதான் வளர்கிறார்கள். புத்தகம் இல்லாவிட்டால் அரைகுறையாகக் கேட்டதை வைத்துத் தாங்களே பயத்தைக் கட்டிக்கொள்வார்கள். ஆகவே சுனாமி பற்றிய படப்புத்தகம் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் இதில் பிழை உயிரோடு விளையாடும். கடல் உள்வாங்கினால் ஓடு என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எல்லா இடத்திலும் கடல் முதலில் பின்வாங்குவதில்லை, சில கரைகளுக்கு முதலில் வருவதே உயர்ந்த நீர்தான். ஒரு அலையோடும் முடிவதில்லை, பின்னால் வருவது இன்னும் பெரிதாக இருக்கலாம். இந்த இரண்டும் இருக்கிறதா, மேட்டுக்குப் போன பிள்ளைகள் பெரியவர்கள் சொல்லும் வரை அங்கேயே நிற்கிறார்களா என்று பாருங்கள். அள்ளுண்டு போகும் மனிதர்களை முழுப்பக்கத்தில் வரைந்திருந்தால் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

வாங்கிய பிறகு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்து மூன்று வயதிலேயே புத்தகம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசித்து முடித்த கையோடு "என்ன விளங்கினது, சொல்லு பாப்பம்" என்று பிள்ளையை நிறுத்திவைத்துக் கேட்பதும் அதே ஆசையால்தான். பிள்ளை கேட்கும் கேள்விக்கு இடம் விடுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், அது வாங்கிய காசுக்குப் பெறுமதி என்று அர்த்தம்.

மலிவு என்று பத்துப் புத்தகக் கட்டு வாங்குவதைவிட, நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பிள்ளை விடாமல் கேட்பதை மட்டும் வாங்குவது நல்லது. செப்டம்பரில் புத்தகங்களுக்குக் கழிவு கிடைக்கும், பட்டியலை அதுவரை சேர்த்து வைக்கலாம். 2015இல் இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. அங்கேயும் தரம் ஏறி இறங்கும். ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாய் தடுக்கினால் அடுத்ததற்குப் போங்கள்.