பேராசிரியர் பதவி உயர்வு: மதிப்பீட்டுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கி லாசுப்பேட்டை தாகூர் கல்லூரி, கடலூர் பெரியார் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை எந்த ஸ்டாஃப் ரூமிலும் சிஏஎஸ் (பணியில் இருக்கும் ஆசிரியருக்கான பதவி உயர்வுத் திட்டம்) பேச்சு ஓயாது. விண்ணப்பத்தில் எதைச் சேர்ப்பது, எத்தனை கட்டுரை வேண்டும் என்றுதான் பேசுகிறோம். மதிப்பிடும் குழு எங்கே சறுக்குகிறது என்று பேசுவது அபூர்வம். குழு அவசரத்தில் எழுதும் ஒரு வரி ஓர் ஆசிரியரை ஆண்டுக்கணக்கில் அலைய வைத்துவிடும்.

முதலில், ஒப்பிடுவது. காலிப் பணியிடத்துக்கான நேர்காணலில் ஒப்பிடத்தான் வேண்டும். சிஏஎஸ் அப்படியல்ல. அது அந்த ஆசிரியருக்கே உரிய உயர்வு. அவர் ஓய்வு பெற்றால் பணியிடம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "போன வாரம் வந்தவரோடு பார்த்தால் இவர் குறைவுதான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் கேட்கும் தகுதி இவருக்கு இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி.

அடுத்தது விடுப்பு. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70 முதல் 80க்குள் என்றால் 'திருப்தி', அதற்கும் கீழே 'திருப்தியில்லை'. மகப்பேறு விடுப்பில் இருந்த ஆண்டையும் இந்தக் கணக்கில் போட்டு, வகுப்பு குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு, மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்கான விடுப்புக் காலத்தைக் கழித்துவிட்டு, மீதிக் காலத்தின் தரத்தையே மொத்தக் காலத்துக்கும் கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. மாணவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டும் முன் பணிப்பதிவேட்டின் விடுப்புப் பக்கத்தைப் பாருங்கள்.

ஆய்வுப் புள்ளிகளிலும் கவனம் வேண்டும். அறிவியல் கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 8, மொழி, கலைப் பாடங்களுக்கு 10. இருவர் எழுதியிருந்தால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது அறிவியலில் 5.6, சரிபாதியாக 4 போடுவது பிழை. மூவரும் அதற்கு மேலும் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். அதற்காக 2021இல் அந்தப் பட்டியலில் இருந்த இதழில் வந்த கட்டுரையை இன்று தள்ளுவது நியாயமில்லை; வெளியான நாளில் இருந்த நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு அறிக்கையில் கோட்டைவிடுபவர்களும் உண்டு. "பரிந்துரைக்கப்படவில்லை" என்ற ஒற்றை வார்த்தை அறிக்கை ஆகாது. நிராகரிக்கப்பட்டவரை மறுபடி மதிப்பிடக் குறைந்தது ஓராண்டு ஆக வேண்டும். கட்டுரை குறைவா, புள்ளி போதவில்லையா, எவ்வளவு குறைகிறது என்று எழுதினால்தான் அந்த ஓராண்டில் அவர் எதையாவது சரிசெய்ய முடியும். "ஒத்துழைக்கும் குணம் போதாது" போன்ற, எந்த அட்டவணையிலும் இல்லாத வரிகளை அடியோடு விடுங்கள். அந்த அறையில் இல்லாத ஒருவர் ஃபைலை மட்டும் படித்து அதே முடிவுக்கு வர முடிய வேண்டும்.

பல்கலைக்கழகத் தேர்வுக் குழு கூட்டம் என்றால் குறைந்தது நான்கு பேர் வந்திருக்க வேண்டும், அதில் இருவர் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர்கள். மினிட்ஸ், மதிப்பெண் தாள், பரிந்துரை எல்லாம் கூட்டம் முடியும் அன்றே எழுதி, அனைவரும் கையெழுத்திட்டாக வேண்டும். வல்லுநர்களை பஸ் ஏற்றிவிட்டு, அப்புறம் தபாலில் கையெழுத்து வாங்குவது வழக்குக்கு வழிவிடும்.

கடைசியாகத் தேதி. தகுதிக் காலம் முடிந்ததுமே விண்ணப்பித்துத் தேறியவருக்கு, உயர்வு அந்தத் தகுதி நாளிலிருந்து. குழு கூடிய நாளிலிருந்து அல்ல. பரிந்துரையில் இந்தத் தேதியைத் தெளிவாக எழுதாவிட்டால், குழு கூடத் தாமதித்த மாதங்களின் அரியர்ஸை ஆசிரியர் இழப்பார்.