அட்ஜஸ்டபிள் ரேசர்: எண்ணைக் கூட்டும் முன்

அக்கா மகன் போன மாதம் ஒரு ரேசர் வாங்கினான். இருபுறமும் கூரான ஒற்றை பிளேடைப் போட்டு வழிப்பது, தலைக்குக் கீழே டயல் வைத்து, 1 முதல் 9 வரை எண் போட்ட அட்ஜஸ்டபிள் வகை. இரண்டு வாரம் கழித்துக் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து நின்றான். "மாமா, ஒன்பதுல வெச்சும் சரியா வரலை. ரேசர்லதான் ஏதோ கோளாறு." தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் என் கழுத்து இருந்த கோலம் அதேதான். அலுவலகத்தில் இருவர் இதே வழியில் போய், ரேசரையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

காய்ந்த முகத்தில் வழிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணைக் கூட்டினால் மழமழவென்று வரும் என்று நம்புவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒரு தவறுதான். நடப்பது இப்படி: 3-ல் வைத்து ஒரு சுற்று வழிப்பார்கள். தடவிப் பார்த்தால் சொரசொரக்கும். உடனே டயல் 5-க்குப் போகும். இன்னும் சொரசொரப்பு, 7. கடைசியில் 9-ல் வைத்து, நுரை கூட இல்லாத கழுத்தில் எதிர்த்திசையில் ஓர் இழுப்பு. அன்றைக்கு முகம் பளபளவென்றுதான் இருக்கும். மறுநாள் காலை தெரியும் விலை.

அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ரேசரின் தலையைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிளேடின் விளிம்பு ஒரு கோடு, அதற்குக் கீழே காப்புப் பட்டை இன்னொரு கோடு, நடுவே ஒரு சந்து. டயலைத் திருகினால் அந்தச் சந்து அகலும் அல்லது குறுகும், அவ்வளவுதான். பிளேடின் கூர்மை மாறாது.

அகலமான சந்து எதற்கு? மூன்று நாள் தாடியை நுரையோடு சேர்த்து அடைக்காமல் வாங்கிக்கொள்ள. நீண்ட முடி அதற்குள் புகுந்து வெட்டுப்பட இடம் வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் அந்த நீளமே இல்லை. அகலமாக விட்டுவைத்த சந்துக்குள் அப்போது எது போகும்? தோல்தான்.

அக்கா மகனிடம் பிளேடைக் கழற்றிவிட்டு ரேசரை மூடச் சொன்னேன். டயலை 2-ல் வைத்து, விரல் நுனியை அந்தச் சந்தில் அழுத்தினான். சதையில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. 9-ல் வைத்து அதே விரலை அதே அளவுக்கு அழுத்தினான். சதை பிதுங்கி உள்ளே ஏறியது, விரலை எடுத்த பிறகும் பள்ளம் சட்டென்று மறையவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துத் தோல் விரல் நுனியை விட எவ்வளவோ தளர்வானது. நடுவில் பிளேடு இருக்கும்போது அந்தப் பிதுங்கலுக்கு என்ன ஆகும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, முதல் சுற்றுக்குப் பிறகு சொரசொரப்பு இருந்தே தீரும். முடியின் போக்கில் வழித்தால் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு முளை மிஞ்சும். அதை எடுக்க மாற்ற வேண்டியது திசையை. மறுபடி நுரை போட்டு, எண்ணை ஒன்றிரண்டு குறைத்து, குறுக்குவாட்டில் வழியுங்கள். 5-ல் தொடங்கினால் 3, தேவைப்பட்டால் மூன்றாவது சுற்றுக்கு 2. இறங்கு வரிசைதான் எப்போதும். சுற்றுக்குச் சுற்று எண்ணை இறக்க முடிகிறது என்பதுதான் இந்த ரேசருக்குக் காசு கொடுத்ததன் பலன்.

நான் இதைக் கற்றது ஜில்லெட் நிறுவனத்தின் ஸ்லிம் என்ற ஒரு பழைய அட்ஜஸ்டபிள் ரேசரில். வாங்கிய முதல் நாளே 9. குரல்வளை மேட்டுக்கு இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோலைச் சீவி எடுத்துவிட்டேன், அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டைக் காலரில் சாயங்காலம் வரை ரத்தப் பொட்டுகள். அதன் பிறகுதான் உண்மையான தொல்லை. தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு வளர்ந்தது. சுருள் முடிக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். மூன்று வாரம் ரேசரைத் தொடவே முடியவில்லை. அவ்வளவு பாடு பட்டும், தப்பு பிளேடில்தான் என்று நினைத்து வேறு பிளேடு மாற்றினேன். எண்ணின் மேல் சந்தேகம் வர ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடம் நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

ஒரு ரேசரின் எண்ணை இன்னொன்றில் தேடுவது

ஜில்லெட் ஸ்லிம் 1 முதல் 9 வரை. மெர்க்குர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ப்ராக்ரஸ் 1 முதல் 5 வரை. அதே மெர்க்குரின் ஃப்யூச்சர் 1 முதல் 6 வரை. ப்ராக்ரஸின் 3-ஐயும் ஸ்லிம்மின் 3-ஐயும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் பொருளே இல்லை. ஃப்யூச்சர் பொதுவாகவே முரடு, முதல் ரேசராக அதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுத்துவிடுவேன்.

டயலே வேண்டாம், தனக்கு ஒத்துவரும் அளவு ஒன்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ராக்வெல் மாதிரியான ரேசர் நல்லது. மூன்று அடித்தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், ஆக ஆறு அளவு. வழிக்கும் நடுவில் மாற்றுவது சிரமம். அதனாலேயே எண்ணை ஏற்றும் சபலமும் வராது.

பிளேடையும் எண்ணையும் ஒரே நாளில் மாற்றுவது

எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று எப்படித் தெரியும்? ஒரு வகை பிளேடை எடுத்து, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே ஓர் எண்ணில், இரண்டு வாரம் ஓட்டுங்கள். பிளேடு முடியை வெட்டாமல் இழுத்தால் புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடுக்கு ஈடாக எண்ணை ஏற்றுவது, முன்னே சொன்ன தவறேதான்.

பழைய ரேசரைப் பளபளப்பைப் பார்த்து வாங்குவது

தடித்த கைப்பிடி கொண்ட, ஃபேட்பாய் என்று பெயர் பெற்றுவிட்ட ஜில்லெட் 1958 முதல் 1961 வரைதான் வந்தது. அதன் பிறகு ஸ்லிம். வயதைக் கண்டுபிடிக்கத் தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. 'எஃப் 2' என்றால் 1960-ன் இரண்டாம் காலாண்டு. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சரி. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால், தலையின் மூடியாக இருக்கும் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் மூடி, நடுவில் நேராகச் சேருகின்றனவா? டயல் 1-லிருந்து 9 வரை சிக்காமல் போகிறதா? பிளேடைப் போட்டு 1-ல் வைத்தால் இரு பக்கச் சந்தும் ஒரே அகலமா? மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரு பக்கம் அகலமாக இருந்தால், முகத்தின் மேல் மாறி மாறி இரண்டு ரேசர் ஓடுவதற்குச் சமம். முலாம் கொஞ்சம் போயிருந்தால் போகட்டும்.

டயலை இறுக்கத்திலேயே திருகுவது

ஸ்லிம் வகையில் பிளேடு இறுக மூடியிருக்கும்போது எண்ணை மாற்றாதீர்கள். அடிக்குமிழைக் கால் சுற்று தளர்த்தி, எண்ணை மாற்றி, மறுபடி இறுக்குங்கள். பல பத்தாண்டு தாக்குப்பிடித்த பொறி அது.

மூடியைத் திருப்பிப் போடுவது

ப்ராக்ரஸின் மூடியில் ஒரு குறி, அடித்தட்டில் ஒரு குறி. இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும்.

ஃப்யூச்சர் மூடியை விளிம்பில் பிடித்துக் கழற்றுவது

அங்கேதான் பிளேடு இருக்கிறது. பிளேடு நீட்டாத இரு முனைகளில் பிடியுங்கள், ஈரக் கையால் வேண்டாம்.

பிளேடைத் துணியால் துடைப்பது

வேண்டாம். அலசி, உதறி வையுங்கள்.

படிகாரம் சொல்வதைக் கேட்காமல் விடுவது

வழித்து முடித்துக் குளிர்ந்த நீரில் கழுவியதும், ஈரப் படிகாரக் கல்லை முகம் முழுக்க ஒரு முறை ஓட்டுங்கள். எங்கே சுரீரென்கிறதோ அங்கே தோலைச் சுரண்டியிருக்கிறீர்கள். கண்ணாடியில் தெரியாதது இதில் தெரிந்துவிடும்.

அக்கா மகன் இப்போது 4-ல் தொடங்கி 2-ல் முடிக்கிறான். பொரி அடங்கிவிட்டது, ஆனாலும் கழுத்தின் இடப்பக்கம் மட்டும் படிகாரம் எரிகிறது என்றான். பக்கத்தில் நின்று பார்த்தேன். வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகும்போது மணிக்கட்டு மடங்கி, கைப்பிடி கழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, பிளேடு தோலில் நிமிர்ந்து நின்று சுரண்டுகிறது. மூடி தோலைத் தொடும்படி கைப்பிடியை வெளியே தூக்கு, சுமார் முப்பது டிகிரிதான் பிளேடின் சாய்வு என்று காட்டினேன். அவன் கை தன்னையறியாமல் டயலை நோக்கிப் போயிற்று. பிறகு திரும்பி வந்து கைப்பிடியைச் சரிசெய்தது.