உங்கள் பகுதியை அடர் குடியிருப்பு மண்டலமாக மாற்றுகிறார்களா? ஆட்சேபனை எழுதுவது எப்படி

தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடிகளுக்கு வழி திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். கொதிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அன்றைக்கே யாராவது ஒருவர் அறிவிப்பை முழுசாகப் படித்து, ஆட்சேபனைக்குக் கடைசித் தேதி எது, யாருக்கு அனுப்ப வேண்டும், எந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று பார்த்துவிட வேண்டும். தேதி தாண்டிவிட்டால், எவ்வளவு நியாயமான மனுவாக இருந்தாலும் அதைப் பரிசீலிக்க வேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது, என்ன மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்வது. ஒரு கட்டடத்துக்கான அனுமதி வேறு, பகுதி முழுவதற்குமான மண்டல மாற்றம் வேறு. இரண்டாவதில் இன்று ஒரு செங்கல்கூட வராது, ஆனால் நாளை எந்த மனையிலும் வரலாம். அதில் முக்கியமான எண் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. 1,000 சதுர மீட்டர் மனையில் எஃப்எஸ்ஐ 2 என்றால் மொத்தம் 2,000 சதுர மீட்டர் கட்டலாம். மனையில் பாதியை அடைத்துக் கட்டினால் 4 மாடி, கால் பகுதியில் மட்டும் கட்டினால் 8 மாடி, சுற்றிலும் 750 சதுர மீட்டர் காலியாகக் கிடைக்கும். அதனால் "உயரம் வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பக்கத்துச் சுவரை ஒட்டி நிற்கும் குட்டைக் கட்டடத்தை நீங்களே கேட்டு வாங்கியதாகிவிடும். உயரம், பக்கவாட்டு இடைவெளி, ஒரு மனையில் எத்தனை வீடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். அதிலும் வீடுகளின் எண்ணிக்கைதான் முக்கியம், சாக்கடையில் இறங்கும் தண்ணீர் அதை வைத்துத்தான் கூடும்.

வெளிச்சமும் காற்றும் போகும் என்பது சின்ன விஷயம் இல்லை. 1915-இல் நியூயார்க்கில் எக்விட்டபிள் கட்டடம் கொஞ்சமும் உள்வாங்காமல் நெட்டுக்குத்தாக எழும்பிச் சுற்றுவட்டாரத்தை நிழலில் தள்ளியது. மறு வருஷமே, மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்ற விதியோடு அந்த நகரத்தின் மண்டலச் சட்டம் வந்தது. நீங்களும் அப்படித் திட்டவட்டமாக, எத்தனையாவது மாடிக்கு மேல் எத்தனை மீட்டர் உள்ளே தள்ள வேண்டும் என்று கேளுங்கள்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மழை நின்றதும் தெருவில் தேங்கிய தண்ணீரை அளவு டேப்போடு படம் எடுங்கள். டேப்பின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் ஒரு கதவு எண்ணோ மின்கம்ப எண்ணோ இருக்க வேண்டும், தேதி பதிவாகியிருக்க வேண்டும். சாலை அகலத்தை வரைபடத்தில் பார்த்து எழுதாதீர்கள், நேரில் அளந்து எழுதுங்கள், இருபுறமும் வண்டி நிற்கும் நேரத்தில் நடுவில் மிஞ்சும் வழியையும் அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தீயணைப்பு வண்டி அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். கழிவுநீர்க் குழாயின் விட்டம், நீரேற்று நிலையத்தின் கொள்ளளவு, இப்போது எவ்வளவு ஓடுகிறது என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால், கேட்ட கடிதத்தின் நகலையே மனுவில் இணைத்துவிடலாம்.

சரி, எதை எழுதக் கூடாது? "வாடகைக்காரர்கள் வந்துவிடுவார்கள்", "எங்கள் பகுதியின் தரம் கெட்டுவிடும்" என்ற பேச்சே வேண்டாம். அது தவறு, அந்தப் பேச்சுக்கு ஒரு மோசமான வரலாறும் உண்டு. 1910-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எந்த இனத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்றே சட்டம் போட்டது. லூயிவில் நகரின் அதே மாதிரியான சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் ரத்து செய்தது. வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. குழாயும் சாலையும் முதலில், மாடி அப்புறம் என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு பத்தியில் ஒரு பிரச்சினை, அதன் ஆதாரம், அதற்கான கோரிக்கை. உதாரணமாக: "இத்தெருவின் கழிவுநீர்க் குழாயை மேம்படுத்தி முடிக்கும் வரை புதிய எஃப்எஸ்ஐ அளவை நடைமுறைப்படுத்தக் கூடாது." ஒரே நகலில் நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் தங்கள் வாசலில் நடப்பதைத் தனித்தனியாக எழுதுவது மேல். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஒருவர் தண்ணீர், ஒருவர் சாலை, ஒருவர் வெளிச்சம் என்று முன்பே பிரித்துக்கொண்டு போங்கள். யாரும் கத்த வேண்டாம். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பிறகு கேட்டுச் சரிபாருங்கள்.

கடைசியில் நீதிமன்றம் இருக்கிறதே என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மன்றம், ஒரு மனையில் கூடுதல் வீடுகளை அனுமதிக்கும் திட்டத்தை 2018 டிசம்பரில் நிறைவேற்றியது. சுற்றுச்சூழல் காரணம் காட்டிப் போட்ட வழக்கில் திட்டத்துக்குத் தடையும் கிடைத்தது. 2024-இல் மாநில சட்டமன்றம் சட்டத்தையே திருத்தித் திட்டத்துக்கு வழிவிட்டது. ஆட்சேபனைக் கட்டத்திலேயே எழுத்தில் வாங்கிய நிபந்தனைதான் கட்டடம் வரும்போது கையில் இருக்கும், அதனால் இறுதி அறிவிப்பு வந்ததும் நீங்கள் கேட்ட ஒவ்வொன்றும் அதில் எந்த வார்த்தைகளில் வந்திருக்கிறது என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.