ஆஃப்ரோ சுருள் முடி: எண்ணெயில் தொடங்குவதுதான் முதல் தவறு

பாரிஸின் ஃபோபூர் சேன்-தெனி தெருவில் லா ஷாப்பெல் பக்கம் நம் தமிழ்க் கடைகள் நிறைய. அங்கிருந்து தெற்கே இருபது நிமிடம் நடந்தால் ஷாத்தோ தோ மெட்ரோ நிலையம், அதைச் சுற்றி ஆப்பிரிக்கச் சலூன்கள். என் கணவர் ஐவரி கோஸ்ட்காரர். மகளுக்கு அப்படியே அவர் வீட்டு முடி. என் அம்மா எனக்குச் செய்ததையே நானும் அவளுக்குச் செய்தேன். காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, சீப்பால் இழுத்து வாரினேன். பிள்ளை அழுதாள், முடி முறிந்து சீப்போடு வந்தது. சரியான முறையை அந்தச் சலூன்களில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை இறங்கிவிடும். இறுகச் சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவும் அதைத் தடுக்கும். அதனால் நுனி வறண்டே தெரியும், நம் கை எண்ணெய்க் குப்பிக்குப் போகும். ஆனால் அந்த முடி கேட்பது தண்ணீரை. எண்ணெய் ஈரத்தைக் காக்கும், ஈரத்தைத் தராது. காய்ந்த முடியில் எண்ணெயை முதலில் பூசிவிட்டால் பிறகு வைக்கும் தண்ணீரும் க்ரீமும் மேலோடு நின்றுவிடும். தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவு எண்ணெய் வைப்பதில் தவறில்லை. சுருளை எடுப்பாக்கும் நாளில் வரிசை வேறு: நன்றாக நனைந்த முடி, அலசாமல் விடும் கண்டிஷனர், அதன் மேல் ஜெல் அல்லது க்ரீம், கடைசியில் சில துளி எண்ணெய்.

சிக்கெடுப்பதும் ஈரத்தில்தான். கண்டிஷனர் வழுவழுப்பாக இருக்கும்போதே முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி வேரை நோக்கிப் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு தண்ணீர்? முடியின் கெரட்டினில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. நனைந்தால் அவை விடுபடும். காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி சேரும். சுருளை எடுப்பாகக் காட்டும் முறைகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. துண்டால் துவட்டிவிட்டு ஜெல் பூசினால் இழைகள் ஒன்று சேராமல் பஞ்சாகப் பறக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போதே தலையை 4 முதல் 8 பாகமாகப் பிரித்து, சின்னச் சின்னக் கற்றையாக வேரிலிருந்து நுனிவரை விரலால் உருவிவிடுங்கள்.

அப்புறம், காயும்வரை தொடாதீர்கள். ஈர முடியை இரண்டு புரியாக முறுக்கி வைத்து, காய்ந்ததும் பிரிப்பதை ட்விஸ்ட் அவுட் என்பார்கள். அடர்த்தியான முடிக்கு ஓர் இரவு போதாமலும் போகும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், புரிக்குள்ளே ஈரம் நிற்கும். அந்த நிலையில் பிரித்தால் கொஞ்ச நேரத்தில் உப்பி வடிவம் கலைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் பின்கழுத்துப் பக்கம் ஒரே ஒரு புரியைப் பிரித்துப் பாருங்கள். ஜெல் காய்ந்து மொடமொடவென்று நிற்பதைப் பார்த்துப் பயந்து கழுவிவிடாதீர்கள். அந்த ஓடுதான் காயும்வரை சுருளைப் பிடித்துவைத்தது. உள்ளங்கையில் துளி எண்ணெய் தேய்த்து மெல்லக் கசக்கினால் இளகிவிடும்.

ஜெல் பூசிய மறுநாள் வெள்ளைச் செதில் உதிர்ந்தால் அது பொடுகாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்டிஷனரும் ஜெல்லும் ஒத்துப்போகாவிட்டாலும் அப்படி வரும். இரண்டையும் முதலில் உள்ளங்கையில் குழைத்துப் பாருங்கள். திரிந்த பால் மாதிரி ஆனால் அந்த ஜோடி வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அடுத்த பிள்ளையின் சுருளோடு ஒப்பிடுவது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்கு முடி அலங்காரம் செய்த ஆண்ட்ரே வாக்கர் 1990களில் முடியை 1 முதல் 4 வரை வகை பிரித்தார்: 1 நேரான முடி, 4 இறுகச் சுருண்ட முடி. எண்ணோடு வரும் ஏ, பி, சி எழுத்து அந்த வகைக்குள் சுருளின் நெருக்கத்தைச் சொல்லும். இன்று 4சி என்று சொல்லப்படும் முடி வளையமாகச் சுருளாது, நெருக்கமாக மடிந்து மடிந்து போகும். எவ்வளவு ஜெல் பூசினாலும் அதில் 3சி முடியின் நீளச் சுருள் விழாது. அது முடியின் குறை இல்லை. சுருக்கமும் அப்படித்தான். என் மகளுக்கு நனைந்தால் தோள்வரை, காய்ந்தால் காதுவரை. முடி வளரவே இல்லை என்று நினைத்து, முடியை நேராக்கும் சூடான இரும்பை எடுக்காதீர்கள். அடிக்கடி சூடு பட்ட இடத்தில் சுருள் திரும்பாமலே போகலாம், அப்போது வெட்டித்தான் ஆக வேண்டும். நீளம் தெரிய வேண்டுமென்றால் புரி போட்டே காயவிடுங்கள், ஆனால் இறுக்கமாக வேண்டாம். நெற்றியோரம் தொடர்ந்து இழுபட்டால் வேரே பழுதாகி அங்கே முடி நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சி இழைகளை உராயும் என்பதால் மகள் சாட்டின் தொப்பி போட்டுத்தான் தூங்குகிறாள். காலையில் சீப்பை எடுப்பதில்லை. வேர்ப்பகுதியை மட்டும் விரலால் அசைத்துவிடுகிறேன். நான்கு நாள் தாங்குகிறது.