ஏழாம் மாசம் தாய் வீட்டுக்குப் போகும்போது நர்சம்மாவிடம் சொன்னீர்களா?

தமிழ்நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கிடைக்கிற எண். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்பதால் டோக்கன் மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறோம், தனியாரில் பார்ப்பவர்களுக்கு அதுவும் ஆறாம் மாசம்தான் ஞாபகம் வரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கு (ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக) 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது தெரிந்தவர்கள் கொஞ்சம் முந்திக்கொள்கிறார்கள். சரி, பணம் வரட்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் கிராம சுகாதார செவிலியர் உங்களை மாசாமாசம் பின்தொடர்கிறார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தத் தொடர்ச்சி பெரும்பாலும் வளைகாப்பில் அறுந்துபோகிறது. வளையல் அடுக்கி, கட்டுச்சோறு கட்டி, காரில் ஏற்றித் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். இந்த ஊர் நர்சம்மாவுக்குச் சொல்வதில்லை, அந்த ஊர் நர்சம்மாவுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. பிபி ஏறுவதும் குழந்தையின் வளர்ச்சி குறைவதும் அதிகம் நடக்கிற கடைசி மூன்று மாதம் யார் கணக்கிலும் இல்லாமல் ஓடிவிடும். கிளம்பும் முன் ஒரு போன், போய்ச் சேர்ந்ததும் தாய் சேய் நல அட்டையோடு அங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை, இவ்வளவுதான் வேலை.

அடுத்தது, மறைப்பது. முன்பு கலைந்தது, முதல் பிரசவம் சிசேரியன், வலிப்பு வந்தது என்று எதையும் மாமியார் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். கூட வந்தவர்கள் ஐந்து நிமிடம் வெளியே நிற்கலாம், தப்பே இல்லை.

'ஹை ரிஸ்க்' என்று அட்டையில் எழுதினால் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பிபி 140/90 தொட்டாலோ, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, சர்க்கரை இருந்தாலோ அப்படித்தான் எழுதுவார்கள். அது சாபம் இல்லை, உங்களை வரிசையில் முன்னால் நிறுத்துகிற சீட்டு. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டரே பார்க்கிற இலவச முகாம் இருக்கிறது, அதைத் தவற விடாதீர்கள். பிரசவத்தையும் அறுவை அரங்கு, ரத்தம், பச்சிளங்குழந்தை சிகிச்சை எல்லாம் 24 மணி நேரமும் இருக்கிற சீமாங்க் மையத்துக்கு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வலி வந்த பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க நேரம் இருக்காது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் சேர்த்து வைப்பது, டீயோடு விழுங்குவது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பயப்படுவது... டீ சத்தை உடம்பில் சேரவிடாது, மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் வேலைதான்.

குழந்தை பிறந்ததும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு சேனைத் தண்ணீர் வைக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு இது ரொம்ப ஆபத்து. அதற்கு வேண்டியது தாய்ப்பாலும், அம்மா நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிற சூடும். குளிப்பாட்டலை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள்.

அப்புறம், பிரசவம்தான் முடிந்துவிட்டதே என்று பிபி மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடுவது. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில்கூட பிபி ஏறி வலிப்பு வரலாம். விடாத தலைவலி, கண் மங்கல், துணி நனைந்துகொண்டே இருக்கிற ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் தீட்டு, பதினாறாம் நாள் என்றெல்லாம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.